கடலோரம் ஒரு நிலாச்சோறு: தரங்கம்பாடியில் ஐந்து நாட்கள்

சித்திரை 26 – முதல் நாள்

மே பிறந்ததும் எங்கள் தெருவே மலைப்பக்கம் கிளம்பிவிட்டது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. நாங்கள் மூன்று பேர் மட்டும் கிழக்கே கடலைப் பார்த்து பஸ் ஏறினோம். நான், ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த என் மகள், எழுபத்தொரு வயதான என் அத்தை. அப்பாவுக்கு அக்கா. "அக்னி நட்சத்திரத்தில யாராவது கடற்கரையில போய்த் தங்குவாங்களா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை.

இந்தப் பயணமே அத்தைக்காகத்தான். பங்குனியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்த அன்று என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "சின்ன வயசுல கொள்ளிடத்து மணல்ல நிலாச்சோறு தின்னுருக்கேன். கடல்லேருந்து நிலா எழும்பி வர்றதப் பாத்துக்கிட்டே ஒரு வாய் சாப்பிடணும்மா." சித்ரா பௌர்ணமி 29ஆம் தேதி வருகிறது. அன்று மட்டும் போய்த் திரும்புவானேன், நாலு நாள் முன்னபின்ன இருந்து கோடையை அதன் போக்கிலேயே அனுபவித்துவிட்டு வரலாம் என்று தோன்றியது.

மயிலாடுதுறையில் பஸ் மாறினோம். செம்பனார்கோவில் தாண்டியதும் இரண்டு பக்கமும் பருத்தி. நெல்லுக்குப் பேர்போன பூமியில் கோடைக்குப் பருத்திதான் போடுகிறார்கள். இளமஞ்சளாகப் பூக்கிற பூ மறுநாள் ரோஜா நிறத்துக்கு மாறிவிடும், அதனால் ஒரே செடியில் இரண்டு நிறம். ஆக்கூர், திருக்கடையூர், அப்புறம் தரங்கம்பாடி. இந்தப் பாதையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. "உங்க தாத்தாவோட இந்த ரயில்ல வந்தேன், ஜன்னல் வழியா கரி வந்து கண்ணுல விழும்" என்று அத்தை மகளிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை அடித்த ஒரு பெரிய வாசல் நிற்கிறது. டேனிஷ்காரர்கள் 1792இல் கட்டியது. அதைத் தாண்டினால் நேராக ராஜ வீதி, வீதி முடிகிற இடத்தில் கடல். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620இல் இங்கே கோட்டை கட்டினார்கள், 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இருநூற்று இருபத்தைந்து வருஷம்! அந்தக் கோட்டை இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

நாங்கள் தங்கியிருப்பது ஒரு பழைய வீட்டின் முன்பகுதி. அகலமான திண்ணை, நடுவில் முற்றம், செங்கல் தரை. ஏசி கிடையாது, வேண்டாம் என்றுதான் இந்த வீட்டைப் பிடித்தோம். வந்ததும் அத்தை செய்த முதல் காரியம், வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு மண்பானை கேட்டு வாங்கியது. அடியில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் பானையை வைத்து, தண்ணீர் ஊற்றி, ஊரிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த வெட்டிவேரை உள்ளே போட்டார். "நாளைக்கு மத்தியானம் குடிச்சுப் பாரு" என்றார்.

சாமான் அதிகம் இல்லை. ஆளுக்கு இரண்டு பருத்திப் புடவை, மகளுக்குப் பாவாடை சட்டை, கோரைப்பாய் இரண்டு, புத்தகம் ஒன்று. ஒன்றுதான். கட்டுக் கட்டாகப் புத்தகம் எடுத்துப்போய் எதையும் படிக்காமல் திரும்பிய கோடைகள் போதும்.

மணி பத்து. திண்ணையில் படுத்தால் அலைச்சத்தம் தலைமாட்டிலேயே கேட்கிறது. தரங்கம் என்றாலே அலைதான்.


சித்திரை 27 – இரண்டாம் நாள்

ஐந்தரைக்கே விடிந்துவிட்டது. கோட்டைக்கு வடக்கே மணலில் நடந்தோம். மகள்தான் முதலில் பார்த்தாள். மணல் மேட்டின்மேல் ஊதா கலந்த ரோஜா நிறத்தில் பூக்கள், புனலைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்த மாதிரி. அடும்பு!

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அடும்பங்கொடி நிமிர்ந்து வளராது, மணலோடு மணலாக இழைந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, பத்தடி பதினைந்தடி ஓடும். மணல் காற்றில் பறந்து போகாமல் இப்படிப் பிடித்து வைத்திருப்பது இந்தக் கொடிதான். இலை தடிப்பாக, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். சங்கப் புலவர் ஒருவர் இந்த இலையை மானின் குளம்புக்கும், பூவைக் குதிரைக் கழுத்து மணிக்கும் ஒப்பிட்டிருக்கிறார். இலையைக் கையில் வைத்துப் பார்த்தபோது அந்தப் புலவரும் இப்படி ஒரு விடியலில் குனிந்து பார்த்திருப்பார் என்று உடம்பு சிலிர்த்தது. பூவின் உள்ளே எட்டிப் பார்த்தால் தொண்டைப் பகுதியில் நிறம் இன்னும் அடர்த்தி. ஒரு எறும்பு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மகள் ஒன்றைப் பறிக்கக் கை நீட்டினாள். "வேண்டாண்டி கண்ணு. அறைக்குப் போறதுக்குள்ள சுருண்டுடும். இது இங்க இருந்து பாக்குற பூ" என்றார் அத்தை. நாளைக்கும் வந்து பார்க்க வேண்டும்.

ஏழு மணிக்கு மேல் ஃபைபர் படகுகள் கரை ஏறின. இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம். சிறிய படகுகளும் கட்டுமரங்களும் மட்டும் கரையை ஒட்டிப் போய் வருகின்றன. அதனால் பெரிய மீன் அரிது. மத்தி, நெத்திலி, கொஞ்சம் நண்டு. மணலிலேயே ஏலம். ஒரு கூடை மத்தியைச் சுற்றிப் பத்துப் பெண்கள், ஒருத்தர் விலையை ஏற்றும்போது இன்னொருத்தர் சிரித்துக்கொண்டே கூடையின் காதைப் பிடித்துக்கொள்கிறார். வீட்டுக்கார அம்மாவும் அங்கேதான் இருந்தார். "இன்னிக்கு மத்தி, மாங்கா போட்டு வெக்கிறேன், இருங்க" என்றார்.

மாங்காய் போட்ட மீன் குழம்பு கோடையின் தனிச்சொத்து. மற்ற மாதங்களில் புளி செய்கிற வேலையில் பாதியை இப்போது மாங்காய் ஏற்றுக்கொள்கிறது. பெரிய துண்டுகளாக, தோல் சீவாமல், கொட்டையோடு. மீன் வெந்து இறக்குவதற்குச் சற்று முன்னால் போட வேண்டும், முதலிலேயே போட்டால் கரைந்துவிடும் என்று அந்த அம்மா சொல்லிக் கொடுத்தார். மண்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி மூடாமல் வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் யாரும் கிட்டே போகக்கூடாதாம்.

இலை போடுகிற வேலை மகளுக்கு. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் பாயை விரித்து, நுனி இடப்பக்கம் வரும்படி மூன்று இலை போட்டாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். "மீன் அன்னிக்கு இன்னொண்ணு வேணும்" என்று அத்தை ஏடு இலையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு மூன்று துண்டு கிழித்து, ஒவ்வொரு இலைக்கும் வலது பக்கம் வைத்தார். முள் போட. அத்தை சாப்பிட்டு முடித்தபோது அவருடைய இலை மழையில் கழுவியது போலிருந்தது, முள்ளெல்லாம் அந்தச் சின்னத் துண்டில் வரிசையாகக் கிடந்தது. மத்தி முள் எவ்வளவு மெல்லிசு! கோடையில் சாப்பாட்டுக்கு அழகு என்றால் எனக்கு இந்தப் பச்சை இலை, அதன்மேல் வெள்ளைச் சோறு, அதன் நடுவில் செம்மண் நிறத்தில் தேங்கும் குழம்பு. பீங்கான் தட்டு இதற்கு ஈடாகாது.

பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் தாங்கவில்லை. காற்று மேற்கேயிருந்து, நிலத்தின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. நம் மொழியில் திசைக்கொரு காற்று உண்டு. தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. பருவத்துக்கும் காற்றுக்கும் ஒரே பெயர். படகுக்காரர்கள் இதைக் கச்சான் என்கிறார்கள். "கச்சான் நின்னாத்தான் கடக்காத்து ஏறும்" என்று காலையில் ஒருவர் சொன்னார். நிலம் சூடேறச் சூடேற அதன் மேலிருக்கும் காற்று இலேசாகி மேலே போகும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் அது வரத் தாமதமாகும். ஆகவே கடற்காற்று வருவதற்கு முந்தைய அரை மணிதான் நாளிலேயே மோசமான நேரம்.

அந்த அரை மணியைக் கடத்தப் பானையிலிருந்து ஆளுக்கு ஒரு சொம்பு. வெட்டிவேர் வாசனை தொண்டையில் இறங்கியபோது அத்தை நேற்றுச் சொன்னது புரிந்தது.

ஒன்றரை மணி வாக்கில் வாசல் பக்கம் தொங்கிய வேட்டி ஒன்று மெல்ல அசைந்தது. அப்புறம் இன்னொரு தரம். பத்து நிமிஷத்தில் திண்ணையே வேறு இடமாகிவிட்டது. புத்தகத்தை எடுத்தோம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம். 1879இல் வந்த முதல் தமிழ் நாவல். இதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. அவர் மாயூரத்துக்கு, அதாவது இன்றைய மயிலாடுதுறைக்குப் போகும் முன் இந்தத் தரங்கம்பாடியில் முன்சீபாக, நீதிபதியாக இருந்தவர். இதே வெயிலில் இதே காற்றுக்காகக் காத்திருந்தவர். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே இதை எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். அத்தைக்குக் கண்ணை அதிகம் வேலை வாங்கக்கூடாது என்பதால் மகள் வாய்விட்டுப் படித்தாள். முதல் இரண்டு பக்கம் வடமொழிச் சொற்களில் தடுக்கித் தடுக்கிப் போனாள். பிறகு கதைக்குள் கதை, அதற்குள் ஒரு வேடிக்கை என்று அவர் சொல்லிக்கொண்டு போகிற வேகத்தில் அவளுக்கே நாக்கு பழகிவிட்டது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, சிரிக்கிற இடத்தில் மட்டும் திறந்தார்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தவர் அத்தை. பத்து வருஷமாகக் கண் மங்கி எல்லாம் நின்று போயிருந்தது. ஐந்து மணி வரை மகள் படித்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.


சித்திரை 28 – மூன்றாம் நாள்

இன்று சுருக்கமாக எழுதுகிறேன், அலைச்சல் அதிகம்.

காலையில் பூம்புகார். சிலப்பதிகாரத்து இந்திர விழா நடந்த ஊர், நாளைக்குச் சித்ரா பௌர்ணமி என்பதால் இப்போதே கூட்டம். காவிரி கடலில் கலக்கிற இடத்தைப் பார்க்கத்தான் போனேன். கலக்கக் காவிரி இல்லை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12இல். அதுவரை இங்கே மணல் திட்டும், திட்டுக்கு உள்பக்கம் தேங்கிய உப்புத் தண்ணீரும்தான். குடகில் பிறந்து இவ்வளவு தூரம் நடந்த ஆறு கடைசி வாசலில் ஆளில்லாமல் கிடப்பதைப் பார்க்க மனசு கனத்தது.

திரும்பும் வழியில் நுங்கு. சாலையோரம் ஒரு பெரியவர் குலையிலிருந்து காயை எடுத்து அரிவாளால் தலையைச் சீவினார். உள்ளே மூன்று கண். இளங்காயை அப்படியே வாங்கிக் கட்டைவிரலை விட்டுச் சுழற்றி உறிஞ்ச வேண்டும், எவ்வளவு கவனமாக இருந்தாலும் தண்ணீர் முழங்கை வரை வழியும். அதுதான் சரியான பதம். வழியவில்லையென்றால் காய் முற்றிவிட்டது. அந்த மெல்லிய பழுப்புத் தோலை உரிக்கக்கூடாது, வயிற்றுக்கு நல்லது என்று அத்தை பிடிவாதம். மகள் உரித்தாள், அத்தை பார்க்காதது போல இருந்தார். நாங்கள் மூவரும் சேர்ந்து எட்டுக் காய் காலி செய்தோம். நுங்கு எடுத்த வெறும் காய்களை ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தோம்.

மாலையில் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு வாழ்ந்த வீட்டைப் பார்த்தோம், இப்போது அருங்காட்சியகம். ஜெர்மனியிலிருந்து 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கினார். வயது இருபத்துநான்குகூட நிறையவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளோடு குழந்தையாக மணலில் விரல் வைத்துத் தமிழ் எழுதப் பழகினார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை, காகிதம் ஏராளமாகப் பிடித்தது. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈயத்தை உருக்கி. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிந்தது. பக்கத்து ஊரான பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள்.

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் மகள் புத்தகத்தைப் பிரித்து, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். "இந்த ஊர்லதாம்மா இந்த எழுத்து சின்னதாச்சு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சந்தோஷமாக இருந்தது.


சித்திரை 29 – நான்காம் நாள், பௌர்ணமி

இதை எழுதும்போது இரவு பன்னிரண்டு ஆகப்போகிறது. ஒன்றும் விட்டுப்போகக்கூடாது என்று தூக்கத்தைத் தள்ளிவைத்து எழுதுகிறேன்.

காலையில் பொறையாறு கடைவீதி. வாழையிலை ஒரு பூட்டு, தேங்காய், எலுமிச்சை, வடுமாங்காய், அப்புறம் பூ. கோடையில் மல்லி மலிவு, மணமோ வருஷத்திலேயே அதிகம். வெயில் ஏற ஏறத்தான் குண்டுமல்லிக்கு வாசனை கூடும். கட்டின சரம் வேண்டாம், உதிரியாகத் தாருங்கள் என்று அத்தை அரைக்கிலோ வாங்கினார். விடியலில் பறித்த மொக்குகள், பச்சை மாறாத காம்பு, ஒன்றுகூட விரியவில்லை. ஈரத்துணியில் சுற்றி, பானைக்குப் பக்கத்திலேயே வைத்தார். வாழைநாரும் வாங்கிக்கொண்டோம். நூலில் கட்டிய பூவை அத்தை பூவென்றே ஒப்புக்கொள்வதில்லை.

பதினோரு மணிக்கு வீட்டுக்கார அம்மா சமையலறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். சித்திரான்னம் நான்கு வகை. புளியோதரைக்கு முந்தின இரவே புளிக்காய்ச்சல் கிளறி வைத்திருந்தேன், நல்லெண்ணெய் மேலே பிரிந்து நின்றது. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். தயிர்ச் சாதத்தில்தான் கோடையில் ஏமாந்து போவோம். மத்தியானம் தயிர் ஊற்றிப் பிசைந்தால் இருட்டுவதற்குள் புளித்துவிடும். சோற்றைக் குழைய வடித்து, சூட்டிலேயே மசித்து, ஆறியதும் காய்ச்சிய பால் நிறைய விட்டு, தயிர் ஒரே ஒரு கரண்டி மட்டும் சேர்க்க வேண்டும். அது போய்ச் சேருகிற நேரத்தில் தானே தயிராகியிருக்கும். மாங்காய்த் துருவலும் கடுகும் கிளம்பும்போது. தொட்டுக்கொள்ளக் கூழ்வடகம், மோர்மிளகாய், மாவடு. அத்தை விரதம் என்பதால் மீன் இல்லை.

மூன்று மணிக்கு அத்தை திண்ணையில் பூக்கட்ட உட்கார்ந்தார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாரை நனைத்து, கிழித்து, மெல்லிய இழையாக்கி, இடது கையில் ஒரு நுனி. இரண்டு மொக்கு இந்தப் பக்கம் தலை, இரண்டு மொக்கு அந்தப் பக்கம் தலை, காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. நடுவிரலால் நாரை ஒரு வளையம் போட்டு, காம்பின் கழுத்தில் இறக்கி, ஒரு இழுப்பு. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் நான்கும் உதிர்ந்துவிடும். அந்த இழுப்பின் அளவை யாரும் சொல்லித்தர முடியாது. நான் கட்டியது முழத்துக்கு இரண்டு இடத்தில் தொங்கியது. தெருவெயில் கண்ணைக் கூசியதால் அத்தை பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டினார். "கண்ணு தெரியாத பத்து வருஷத்துல விரலு கத்துக்கிட்டது" என்றார். அவர் கட்டிய சரத்தில் ஒரு மொக்குக்கும் அடுத்த மொக்குக்கும் நடுவே நார் தெரியவில்லை. மகள் அந்த நேரம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கணவனைத் தேடிப் போகிற ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் விக்கிரமபுரிக்கு அரசனாகிற இடம். "அப்படிப் போடு" என்று அத்தை நாரைக் கீழே வைத்துவிட்டார்.

ஐந்தரைக்குத் தூக்குகளையும் பாய்களையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். கடற்கரையில் பந்தி போட இடம் பார்ப்பது தனி வித்தை. மேலே காய்ந்த மணலில் போட்டால் காற்றுக்கு மணல் சோற்றில் விழும். அலைக்குப் பக்கத்தில் போட்டால் பௌர்ணமிக் கடல், எப்போது கால் நீட்டும் என்று சொல்ல முடியாது. நேற்றைய அலை ஒதுக்கிவிட்டுப் போன பாசியும் கிளிஞ்சலும் ஒரு கோடாகக் கிடக்கும். அதற்குக் கொஞ்சம் மேலே, மணல் இன்னும் ஈரத்தில் இறுகியிருக்கும் இடம்தான் சரி. கரையேற்றி வைத்த இரண்டு படகுகளுக்கு நடுவே அப்படி ஓர் இடம் கிடைத்தது, படகுகள் காற்றையும் கொஞ்சம் மறைத்தன.

பாய்களை எதிரெதிரே விரித்தோம். நடுவில் அரிக்கேன் விளக்கு, பித்தளைச் சொம்பில் தண்ணீர், சொம்பின் கழுத்தில் ஒரு முழம் மல்லி. மற்றதைப் பங்கு போட்டு நாங்கள் தலையில் வைத்துக்கொண்டோம். அடும்புக்கொடியில் உதிர்ந்து கிடந்த இரண்டு பூவை மகள் காலையிலேயே எடுத்து வைத்திருந்தாள். சுருண்டுதான் போயிருந்தன, இருந்தாலும் விளக்கின் அடியில் வைத்தாள்.

இலையை விரித்ததும் முதல் இலை பறந்தது. மகள் ஓடிப்போய்ப் பிடித்து வந்தாள். டம்ளரை ஓரத்தில் வைத்துப் பார்த்தோம், நரம்புப் பக்கம் நின்றது, நுனி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை ஒன்றும் பேசாமல் புடவையைச் செருகிக்கொண்டு பாய்க்கு முன்னால் மணலில் குனிந்தார். இரண்டு கையாலும் இலை நீளத்துக்கு ஒரு பள்ளம் அரித்தார். ஆழம் நாலு விரல்கூட இருக்காது. அடியைத் தட்டிச் சமன் செய்து, இலையை அதில் படுக்க வைத்து, ஓரங்களில் ஈர மணலை அணைத்தார். இலை அசையவேயில்லை. பள்ளத்தில் இறங்கி, ஓரம் லேசாக நிமிர்ந்து, பச்சைத் தாம்பாளம் போலாகிவிட்டது. "கொள்ளிடத்துல எங்கம்மா இப்படித்தான் பண்ணுவாங்க" என்றார். அறுபது வருஷம் கழித்து அந்தக் கை அதை மறக்கவில்லை. மற்ற இலைகளுக்கு நாங்கள் அரித்தோம்.

மேற்கே கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. கிழக்கே இன்னும் ஒன்றுமில்லை, அடிவானம் சாம்பல் பூத்திருந்தது. பௌர்ணமியன்று மட்டும்தான் இது. சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஏறக்குறைய ஒரே நேரம். கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆறு ஐம்பது இருக்கும், தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில், புகைக்குள்ளே ஏதோ செம்பு நிறத்தில் தெரிந்தது. விளக்கா, கப்பலா என்று மகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது வட்டமாகிவிட்டது.

அத்தை கைகளைக் குவித்தார். உதடு அசைந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நிலா அவருக்கு நாலைந்தாகத் தெரியும், ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு. "ஒண்ணுதான் இருக்கு" என்றார் என்னிடம், மெதுவாக. "சுத்தமா ஒண்ணு."

அதற்குள் படகுக்குப் பின்னாலிருந்து மூன்று குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய ஆயா. முந்தாநாள் மீன் ஏலத்தில் கூடையின் காதைப் பிடித்தவர். "வாங்க வாங்க, நிலாச்சோத்துக்கு ஆள் சேர்ந்தாத்தான் நல்லா இருக்கும்" என்றார் அத்தை. இலை போதாது. அது நல்லதாகவே போயிற்று. நிலாச்சோற்றின் முறையே வேறு. அத்தை தயிர்ச் சாதத் தூக்கை மடியருகே இழுத்து வைத்துக்கொண்டார், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டினோம். உருட்டி உருட்டி ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கவளம். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, குழியில் மாவடுவின் காரத் தண்ணீர். சுற்று வந்துகொண்டே இருந்தது. பால் சரியாக உறைந்திருந்தது, புளிப்பு இல்லை, இனிப்பும் இல்லை. எத்தனை உருண்டை தின்றேன் என்று தெரியவில்லை. அந்த ஆயா மடியிலிருந்து வேகவைத்த கடலையை எடுத்து இலையில் கொட்டினார். 2004இல் சுனாமிக்குப் பிறகு ரொம்ப நாள் ராத்திரியில் கடல் பக்கம் வரவே இல்லை என்று சொன்னார். இப்போது பேரப்பிள்ளைகள் கூப்பிட்டால் வருகிறாராம். அவ்வளவுதான் சொன்னார், நாங்களும் கேட்கவில்லை.

சாப்பிட்ட பிறகு விளக்கைத் தணித்தோம். நிலா வெள்ளையாகி மேலே ஏறிவிட்டது, கடலிலிருந்து எங்கள் பாய்வரை ஒரு பளபளப்பான பாதை. புத்தகம் படிக்க அந்த வெளிச்சம் போதாது. குழந்தைகள் கதை கேட்டார்கள். மகள் ஞானாம்பாள் கதையைத் தன் வாய்மொழியாகச் சொன்னாள். அவள் மீசை வைத்துக்கொண்டாளா என்று சின்னவன் கேட்டான். விக்கிரமபுரியில் கடல் உண்டா என்று இன்னொருத்தி. நான் மல்லாந்து படுத்திருந்தேன். தலையிலிருந்த மல்லி முழுதும் விரிந்துவிட்டிருந்தது, காற்று திரும்பும்போதெல்லாம் அதன் மணம் வந்து போனது.

எழுந்து வரும்போது அத்தை இலைகளை மடித்து எடுத்துக்கொண்டார், மணல் பள்ளங்களைக் கையாலேயே மூடினார்.


சித்திரை 30 – ஐந்தாம் நாள்

எட்டரை மணி பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். காலையில் கடைசியாக ஒரு நடை. அடும்பு இன்று நேற்றைவிட அதிகம் பூத்திருந்தது. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணி நாதர் கோயில் வரை போனோம். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். கரைக்கல்லில் உட்கார்ந்து அத்தை நேற்று மிஞ்சிய சரத்திலிருந்து நாரைப் பிரித்து மொக்குகளைக் கடலில் விட்டார்.

பானையைக் கழுவிக் கவிழ்த்தோம். வெட்டிவேரைக் காயவைத்து எடுத்துக்கொண்டாயிற்று, இன்னும் இரண்டு கோடைக்கு வருமாம். வீட்டுக்கார அம்மா ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு தந்தார், மாங்காய் போட்டு வைக்கச் சொல்லி.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், திண்ணையில் நேற்றைய மூன்று குழந்தைகள். குளித்துத் தலைசீவி வந்திருந்தார்கள்.

"அக்கா, அந்த ராஜா வேசம் போட்ட அம்மா அப்புறம் என்ன ஆனாங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். அவளே அதற்குமேல் படிக்கவில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"பையில மேலதான் இருக்கு, எடு" என்றார்.

மகள் புத்தகத்தைப் பிரித்தாள். பக்கங்களுக்கு நடுவிலிருந்து மணல் கொட்டியது. அடையாளம் வைத்த இடத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். எட்டரை பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.